வீணையில் ஒட்டிய மைக் தகரமாக ஒலிக்கிறது: மாற்றவா, பழுது பார்க்கவா?

அக்டோபர் 28, மாலை (வாசகர் கேள்வி)

அக்கா, என் வீணையில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு பீசோ வட்டை (அதிர்வை மின்சாரமாக்கும், பீங்கான் ஒட்டிய பித்தளைச் சில்லு) ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டியில் வரும் கான்டாக்ட் மைக் இல்லை. ரிச்சி தெருவில் வாங்கிய 27 மில்லிமீட்டர் வட்டுக்கு நண்பர் ஒருவர் ஒயரும் ஜாக்கும் வைத்துக் கொடுத்தார். இரண்டு வருடம் நன்றாக உழைத்தது. போன வாரம் ஒரு கோயில் கச்சேரியில் மேல் ஸ்தாயி காதைக் கூசியது, மந்தரத்தைக் காணவே காணோம், மொத்தத்தில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. மைக் செட்காரர் வட்டு போய்விட்டது என்கிறார். புதிய வட்டு போடட்டுமா? காந்த பிக்கப்புக்கு மாறட்டுமா? அல்லது குடத்தின் பலகையைத் திறந்து உள்ளே வைத்துவிடலாமா? மார்கழிக்குள் சரியாக வேண்டும்.

அக்டோபர் 28, இரவு

பலகையைத் திறக்கும் பேச்சை முதலில் விடுங்கள். கிதாரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது, உள்ளே எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். வீணைப் பலகையில் இருப்பவை பொட்டுப் பொட்டான துளைகள். பத்து ரூபாய், இருபது ரூபாய் வட்டுக்காகப் பலாமரக் குடத்தைப் பிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, வட்டு அரைகுறையாகச் சாவது அபூர்வம். ஒயர் அறுந்தால் மொத்தமாக மௌனமாகிவிடும். பீங்கான் விரிசல் விட்டால் சத்தம் குறையும், கரகரக்கும். மந்தரம் மட்டும் காணாமல் போவது வட்டின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதை எதில் செருகினார்கள் என்பதைச் சொல்லுங்கள். மிக்சரின் லைன் உள்ளீட்டில்தானே?

அக்டோபர் 29

நேற்று தூக்கத்தில் எழுதியதால் காரணத்தைச் சொல்லாமல் விட்டேன்.

பீசோ வட்டு ஒரு மின்தேக்கி மாதிரி. 27 மில்லிமீட்டர் வட்டுக்குச் சுமார் 20 நானோஃபாரட் கொள்ளளவு. அதை எந்த உள்ளீட்டில் செருகுகிறோமோ அந்த உள்ளீட்டின் தடையோடு சேர்ந்து அது கீழ் ஒலிகளை வடிகட்டும் சல்லடையாகிவிடும். சல்லடையின் கண் எங்கே என்பதற்குக் கணக்கு எளிது: இரண்டு, பை, தடை, கொள்ளளவு நான்கையும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். லைன் உள்ளீடு 10 கிலோஓம் என்றால் விடை ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போக ஒலி தேயும்.

இனி வீணைக்கு வாருங்கள். மூன்று கட்டைக்குச் சுருதி வைத்தால் முதல் தந்தியான சாரணி சுமார் 165 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 123, மந்தரம் 82, அனுமந்தரம் 62. நான்கு தந்திகளின் அடிநாதமும் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. மிக்சருக்குப் போய்ச் சேர்ந்தது மேல் அதிர்வுகளும் நகம் படும் சத்தமும் மட்டுமே. தகரம் என்று சரியாகத்தான் சொன்னீர்கள்.

மருந்து: குறைந்தது 1 மெகாஓம் உள்ளீடு. கிதார் ஆம்ப்ளிஃபயர் உள்ளீடு, மின்சக்தியுடன் இயங்கும் டிஐ பெட்டி (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் இடைப்பெட்டி), அல்லது ஒரே ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டரில் கட்டிய சிறிய ப்ரீஆம்ப். தடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நான் என்னுடையதில் 10 மெகாஓம் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 30

ஒயரையும் சுருக்குங்கள். நீள ஒயர் மேல் ஒலியைத் தின்றுவிடும்.

நவம்பர் 2

கேட்டவர் திரும்ப வந்து என் பெருமையில் மண்ணைப் போட்டுவிட்டார். கச்சேரியில் லைன் உள்ளீடுதான், ஒப்புக்கொள்கிறார். ஆனால் வீட்டில் அதே பழைய கிதார் ஆம்ப்ளிஃபயரில் செருகினாலும் மந்தரம் முன்னைவிட மெலிந்திருக்கிறதாம், அனுமந்தரம் பேருக்கு இருக்கிறதாம். அந்த ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 1 மெகாஓம். என் கணக்குப்படி அங்கே 8 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும்.

ஆகவே வியாதி இரண்டு. ஒன்றைப் பார்த்ததும் மற்றதைத் தேடாமல் விட்டேன். வானொலிப் பெட்டி திறந்த காலத்திலிருந்தே எனக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இது.

மல்டிமீட்டர் எடுங்கள். ஜாக்கை எதிலும் செருகாமல் நுனிக்கும் உறைக்கும் நடுவே பாருங்கள்.

கொள்ளளவு 20 நானோஃபாரட்டை ஒட்டி இருந்தால் வட்டும் ஒயரும் முழுசு. ஏறத்தாழ பூஜ்யம் என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. பாதி என்றால் பீங்கான் உடைந்து ஒரு துண்டு தனித்துப் போயிருக்கிறது. பிறகு தடையைப் பாருங்கள். நல்ல வட்டில் தடை அளவே காட்டக் கூடாது, மீட்டர் கை விரிக்க வேண்டும். கிலோஓம் கணக்கில் ஏதாவது எண் காட்டினால் அதுதான் திருடன். வட்டின் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஈரமோ அழுக்கோ பாலம் போட்டிருக்கிறது என்று பொருள்.

நவம்பர் 3

ஒயர் பற்றி 30-ஆம் தேதி எழுதியது தப்பு. இன்னொரு வாசகர் நயமாகக் கேட்டிருக்கிறார்: "வட்டே மின்தேக்கி என்றால் ஒயரின் கொள்ளளவு எப்படி மேல் ஒலியை மட்டும் தின்னும்?" தின்னாது. நீள ஒயர் மேல் ஒலியைக் கெடுப்பது காந்த பிக்கப்பில், அதற்குச் சுருள் உண்டு. பீசோவில் ஒயர் மொத்தச் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும் மூன்று மீட்டருக்கு 300. 20 நானோஃபாரட்டுக்கு எதிரே அது நூற்றுக்கு ஒன்றரை பங்கு. எந்தக் காதுக்கும் தெரியாது.

ஆனாலும் ஒயரைச் சுருக்குங்கள். ஒயர் மிதிபட்டால் வரும் டொக் டொக் சத்தம் குறையும்.

நவம்பர் 5

60 கிலோஓம்!

கேட்டவர் மீட்டரின் படத்தை அனுப்பியிருக்கிறார். கொள்ளளவு 21 நானோஃபாரட், வட்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. தடை 60 கிலோஓம். கணக்குப் போட்டேன். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் சல்லடைக் கோடு சுமார் 130 ஹெர்ட்ஸ்: சாரணி தப்பிக்கும், பஞ்சமம் விளிம்பில் நிற்கும், மந்தரமும் அனுமந்தரமும் கீழே. மிக்சரின் 10 கிலோஓமோடு சேர்ந்தால் 900-ஐ நெருங்கிவிடும். அவர் சொன்ன இரண்டு அறிகுறிகளும் அப்படியே உட்கார்ந்துவிட்டன. இரண்டு வருடமாக லைன் உள்ளீட்டில் செருகியதே இல்லையாம், எப்போதும் தன் ஆம்ப்ளிஃபயரையே கொண்டு போவாராம். இந்த முறை வண்டியில் இடமில்லை.

சரி, பாலம் எங்கிருந்து வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டின் மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம்.

சரஸ்வதி பூஜைக்கு அவர் அம்மா வீணையின் யாளி முகத்துக்கும் குடத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, இதுவும் ஓர் ஆயுதம்தானே என்று வட்டுக்கும் வைத்திருக்கிறார். அரைத்த சந்தனம், தண்ணீரோடு. டேப்பின் ஓரம் வழியாக இறங்கி, ஈயம் வைத்த இடத்துக்கும் பித்தளை விளிம்புக்கும் நடுவே படிந்துவிட்டது. பிள்ளை அதைத் துடைக்க மனமில்லாமல் அப்படியே கச்சேரிக்கு எடுத்துப் போயிருக்கிறார். கியூரி சகோதரர்கள் 1880-ல் பீசோ மின்சாரத்தைக் கண்டறிந்தபோது இப்படி ஒரு சோதனையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். டேப்பைப் பிரித்து, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு வட்டைத் துடையுங்கள். வட்டை மட்டும். பலகையில் ஒரு சொட்டு பட்டாலும் பாலிஷ் வெளுத்துவிடக் கூடும். ஒரு நாள் நிழலில் காயட்டும். மீண்டும் மீட்டர்.

நவம்பர் 5, பின்னிரவு

டேப் சீக்கிரம் வராவிட்டால் சூடு காட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் தூக்கம் போய்விடும்.

நவம்பர் 9

துடைத்துக் காய்ந்தபின் மீட்டர் கை விரித்துவிட்டதாம். மந்தரம் திரும்பி வந்துவிட்டது. வட்டு அதே வட்டு. இனி அதை எங்கே, எதனால் ஒட்டுவது என்று கேட்கிறார். இதைத்தான் நான் முதலிலேயே எழுத ஆசைப்பட்டேன்.

முதலில் சூட்டுக் கதை. சில வருடங்களுக்கு முன் பஞ்சு மாதிரியான இரட்டைப் பக்க டேப்பால் வட்டை ஒட்டியிருந்தேன். கழற்றும்போது பிசின் பலகையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கூந்தல் உலர்த்தியை எடுத்துச் சூடு காட்டினேன். பிசின் இளகியது, வட்டும் கையோடு வந்தது, மகிழ்ச்சி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த, மேளம் என்னும் மெழுகுப் படுக்கையில் நிற்பவை. தேன்மெழுகு 62 டிகிரியிலிருந்தே உருகத் தொடங்கும். கடைசி மூன்று மெட்டுகள் குழந்தையின் பால்பற்கள் மாதிரி ஆடின. ஒன்று ஒரு நூல் அளவு சாய்ந்து நின்றுவிட்டது. அந்த உயரத்தில் ஒரு நூல் என்பது காதுக்கு அநியாயமான தூரம். மேளம் கட்டுபவர் வந்து பார்த்துவிட்டு, "வெயிலில் வைத்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தலைக்குக் காட்டும் காற்றை வீணைக்குக் காட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த டேப் இன்னொரு விதத்திலும் தப்பு. மெத்தை மாதிரி இருப்பது அதிர்வைத் தானே குடித்துவிடும், நகமும் ஜீவனும் போய்க் கம்பளிக்குள் வாசிப்பதுபோல் ஆகும். நேர் எதிர் கோடி சூப்பர் க்ளூ: கல் மாதிரி இறுகும், ஒலி அப்பட்டமாக வரும், ஆனால் கழற்ற அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் பாலிஷைக் கழற்றும். நடுவில் நிற்பது மெழுகு. வீணைக்காரர் வீட்டில் இல்லாத பொருளா? கடலை அளவு தேன்மெழுகை விரல் சூட்டில் பிசைந்து, காகிதத் தடிமனுக்குப் பரப்பி, வட்டின் பித்தளை முகத்தை அழுத்தி ஒட்டுங்கள். விறைப்பாகப் பிடிக்கும். எடுக்க வேண்டும் என்றால் நகத்தால் மெல்ல நெம்பினால் வந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் விழுந்துவிடும் என்பது உண்மைதான். அந்தக் காரில் வைத்தால் மெட்டுகளே நகர்ந்துவிடும், மைக் விழுவது பெரிய கவலையாக இருக்காது.

எங்கே ஒட்டுவது? குதிரையின் காலுக்கு அடியில் வைக்கச் சிலர் சொல்வார்கள். ஆசைகாட்டும் யோசனை, அதிர்வு முழுவதும் அந்த வழியாகத்தானே பலகைக்குப் போகிறது. நானும் செய்து பார்த்தேன். ஏழு தந்திகளின் அழுத்தமும் ஒரு பீங்கான் சில்லின் மேல் உட்கார, ஒரு மாதத்தில் அது விரிசல் விட்டது. அதற்கு முன்பே குதிரை சீராக உட்காராமல் நாதம் மெலிந்துவிட்டது. குதிரை பசையில்லாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. அதன் கால் பலகையில் முழுதாகப் படிவதற்காக எத்தனை முறை தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள்! அதற்கடியில் சில்லறைக் காசை நுழைப்பதா?

குதிரையின் மேல் உலோகத் தகட்டில் ஒட்டினால் தந்தி உரசுவது எல்லாம் பூதக்கண்ணாடியில் தெரியும். குதிரையிலிருந்து வெகு தள்ளிப் பலகையின் நடுவே ஒட்டினால் சத்தம் வட்டமாக, கனமாக வரும், கூடவே ஸ்பீக்கர் ஊளையும் வரும்.

எனக்குச் சரியாக வந்த இடம் குதிரைக் காலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தாளத் தந்திகளைத் தாங்கும் பக்கக் குதிரை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். பக்கக் குதிரையின் அருகே வைத்தால் தாளத் தந்திகள் மூன்றும் சாரணியை அமுக்கிவிடும். ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் தாளம்தான் கச்சேரி செய்யும். உங்கள் வீணையில் இடம் கொஞ்சம் மாறலாம். காது கொடுத்துக் கொண்டே அரை விரற்கடை அரை விரற்கடையாக நகர்த்துங்கள். மெழுகு அதற்கும் தோதானது.

நவம்பர் 10

"குடத்துக்குள் தண்ணீர் மாதிரிச் சத்தம் நிறைந்திருக்க, வெளியே ஒட்டுவது ஓட்டைக் குடத்தைத் தடவிப் பார்ப்பது போல் இல்லையா?" என்று ஒருவர். உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒட்டு மைக் காற்றைக் கேட்பதில்லை, மரத்தைத்தான் கேட்கிறது. காற்றும் வேண்டும் என்றால் எதிரே ஒரு சாதாரண மைக்கும் வைத்து இரண்டையும் கலக்குங்கள். கலக்கும்போது சத்தம் கூடுவதற்குப் பதில் மெலிந்தால் ஒன்றின் முனைகளைத் தலைகீழாக்க வேண்டும், இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன.

நவம்பர் 17

காந்த பிக்கப் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று மூன்று பேர் நினைவூட்டிவிட்டார்கள். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். எனக்கு அதன் மேல் ஓர் ஓரவஞ்சனை உண்டு.

காந்த பிக்கப் இரும்புத் தந்தியின் அசைவை நேரே பிடிக்கிறது, பலகையைக் கேட்பதே இல்லை. அதனால் ஊளை குறைவு. ஒலி நீண்டு நிற்கும், கமகத்தின் வால் வரை கேட்கும். மிருதங்கமும் கடமும் பக்கத்தில் முழங்கினாலும் அவற்றைத் தொடாது. கூட்டமான மேடையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு தந்தியிலும் ஒட்டிப் பாருங்கள். எஃகுத் தந்தியில் ஒட்டும். எஃகின் மேல் செம்போ பித்தளையோ சுற்றிய தந்தியிலும் ஒட்டும். முழுப் பித்தளைத் தந்தியில் ஒட்டாது, அந்தத் தந்தி பிக்கப்புக்குக் கேட்காது. மந்தரத்துக்குப் பித்தளையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதோடு கதை முடிந்தது. தாளத் தந்திகளும் பக்கவாட்டில் விலகிப் போவதால் காந்தத்தின் எல்லைக்குள் வராது. நைலான் தந்தி கட்டும் ஊத் போன்ற வாத்தியங்களுக்குக் காந்தம் அறவே உதவாது, அவர்களுக்கும் இந்த வட்டு வழிதான்.

முன்பு "காந்தம் வைத்தால் வீணை கிதார் ஆகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையைக் கேட்காத கருவியில் பலாவும் ஒன்றுதான், பலகைக் கட்டிலும் ஒன்றுதான் என்பது என் வாதம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். போன வருடம் ஒரு கச்சேரியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாழ்ந்த மெட்டில் நின்று நான்கு ஸ்வரம் வரை இழுத்த ஓர் இழுப்பு கடைசித் துளி வரை தெளிவாகக் கேட்டது. முடிந்தபின் மேடைக்குப் போய்ப் பார்த்தால் காந்தம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 24

ரீங்காரம் பற்றி. கேட்டவரின் வட்டில் தந்தியைத் தொடும்போது உம் என்ற சத்தம் மாறுகிறதாம். வட்டுக்கு உறை இல்லாததுதான் காரணம். வெளியே தெரியும் பீங்கான் முகம் வானொலிக் கம்பி மாதிரி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை இழுத்துக்கொள்ளும். பீங்கான் முகத்தின் மேல் முதலில் மின்காப்பு டேப், அதன் மேல் செம்புத் தாள். அந்தத் தாளைப் பித்தளை விளிம்போடு ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள், பித்தளை ஜாக்கின் உறைக்குப் போகட்டும்.

ஈயம் வைக்கும்போது பீங்கான் முகத்தில் இரும்பை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும், அதிகச் சூட்டில் பீங்கானின் பீசோ குணமே மங்கிவிடும். ஒயர் நுனிக்கு முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டால் தொட்டதும் பிடிக்கும்.

இன்னும் சத்தம் இருந்தால் ஜாக்கின் உறையிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் நாகபாசத்துக்குக் கொண்டுபோய் இணையுங்கள். தந்திகள் எல்லாம் எர்த் ஆகிவிடும், உங்கள் உடம்பும் உறையாகிவிடும். சட்டென்று அமைதி.

நவம்பர் 25, காலை

நேற்றைய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். நாகபாசத்தோடு இணைக்காதீர்கள்.

இரவு படுத்தபின் நினைவு வந்தது. பல வருடம் முன்பு ஒரு திறந்தவெளி மேடை. மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து, எர்த் கம்பி இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது, ஜமக்காளம் நனைந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரின் உடலில் கசிந்த மின்சாரம் ஜாக்கின் உறை வழியாக வந்து, நான் பெருமையோடு இணைத்திருந்த ஒயர் வழியாகச் சாரணிக்கு வந்து, என் விரல் நுனிக்கு வந்தது. சுர்ரென்று ஓர் அடி. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கிதார்காரர்கள் இப்படி இணைப்பது வழக்கம்தான். ஆனால் நாம் வெறும் காலோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் உலோகத்தைப் பிடித்து வாசிக்கிறோம், அதுவும் எந்த எர்த்தை நம்புவது என்று தெரியாத மேடைகளில். செம்புத் தாள் உறை போதும். மிச்ச ரீங்காரத்துக்கு மின்மாற்றி உள்ள டிஐ பெட்டியை நடுவில் வையுங்கள், அதன் கிரவுண்ட் லிஃப்ட் விசையையும் போட்டால் மேடை மின்சாரத்தையும் வீணையையும் பிரித்து வைக்கும்.

நேற்று எழுதியதை யாராவது அதற்குள் செய்திருந்தால், இப்போதே வெட்டிவிடுங்கள்.

நவம்பர் 25, மாலை

"மின்மாற்றி டிஐ பெட்டியின் உள்ளீடு 1 மெகாஓம் இருக்காதே, உங்கள் சட்டப்படி தகரம் ஆகாதா?" நல்ல கிடுக்கிப்பிடி. அவை பெரும்பாலும் 100 முதல் 150 கிலோஓம்தான். கணக்குப் போட்டேன். 140 கிலோஓமோடு 20 நானோஃபாரட் சேர்ந்தால் 57 ஹெர்ட்ஸ். அனுமந்தரம் 62. விளிம்பில் தப்பிக்கிறது. ஆக "குறைந்தது 1 மெகாஓம்" என்று நான் அடித்துச் சொன்னது பெரிய வட்டுக்குப் பொருந்தாது. கிதாரில் தந்திகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கடியில் வைக்கும் மெல்லிய பட்டைகளின் கொள்ளளவு 1 நானோஃபாரட்டை ஒட்டியே இருக்கும். அந்தச் சட்டம் அவற்றுக்கானது. எங்கோ படித்ததை வட்டுக்கும் ஒப்பித்துவிட்டேன்.

டிசம்பர் 1

அந்தக் கணக்கு இன்னோர் ஐந்தாண்டுக் குழப்பத்தையும் தீர்த்துவிட்டது.

என் ப்ரீஆம்பில் 10 மெகாஓம் என்று முன்பு பீற்றிக்கொண்டேன் அல்லவா? பெரிய இழுப்பு இழுக்கும்போதெல்லாம் என் வீணையின் ஒலி ஒரு கணம் தொண்டை அடைத்ததுபோல் ஆகும். தோடியில் காந்தாரம் ஆடும்போது இன்னும் மோசம். டிரான்சிஸ்டரை மாற்றினேன், 9 வோல்ட் பேட்டரியை மாற்றினேன், வட்டை மாற்றினேன், ஒரு கட்டத்தில் என் இடது கையையே சந்தேகப்பட்டேன்.

தந்தியை இழுக்கும்போது அதன் இறுக்கம் கூடுகிறது. குதிரை பலகையைக் கூடுதலாக அழுத்துகிறது, பலகை கொஞ்சம் வளைகிறது, விட்டதும் நிமிர்கிறது. நொடிக்கு இரண்டு, மூன்று முறை. 10 மெகாஓமில் சல்லடைக் கோடு 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே. காதுக்கே எட்டாத அந்த மெதுவான அசைவு முழுசாக உள்ளே போய் ப்ரீஆம்பை மூச்சுத் திணற வைத்திருக்கிறது. கிதாரில் இவ்வளவு இழுப்பதில்லை, அதனால் கிதாருக்கு எழுதிய குறிப்புகளில் இது வருவதில்லை.

உள்ளீட்டின் குறுக்கே 220 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். கோடு 36 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. அனுமந்தரத்துக்குக் கீழே, இழுப்பின் அசைவுக்கு மேலே. காந்தாரம் ஆடுகிறது, தொண்டை அடைக்கவில்லை. ஐந்து வருடம், ஒரு ரூபாய்கூட பெறாத ரெசிஸ்டர். அக்டோபர் 29-ல் "தடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

டிசம்பர் 8

மேளம் கட்டுபவர் வேறு வேலையாக வந்திருந்தார். ப்ரீஆம்பில் ஹெட்போனைச் செருகி அவர் காதில் மாட்டினேன். சாரணியைத் தானே மீட்டிக் கேட்டார். ஒவ்வொரு மெட்டாக ஏறிப் போனவர் ஓர் இடத்தில் நின்று, ஹெட்போனைக் கழற்றி, கேட்டார், மறுபடி மாட்டினார். அந்த மெட்டில் தந்தி லேசாக உரசுவது வெறும் காதுக்குத் தெரியவில்லை, மைக்கில் தெரிகிறது. மெழுகைத் தொட்டு ஏதோ செய்தார், போய்விட்டது. ஹெட்போன் என்ன விலை என்று கேட்டார்.

போகும்போது, கடைசி மூன்று மெட்டுகள் வெயிலில் இளகின மாதிரி இல்லையே, ஒரு பக்கம் மட்டும் இளகியிருக்கிறதே என்று பழைய கதையை எடுத்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. என்னைப் போல் இன்னும் இருவர் இருக்கிறார்களாம்.

டிசம்பர் 15

கேட்டவரிடமிருந்து அவசரக் குரல்: எல்லாம் சரியாக இருந்தது, இன்று காலை முதல் மந்தரம் மீட்டும்போது மட்டும் ஜிர்ர் என்கிறது, வட்டு இந்த முறை நிஜமாகவே போய்விட்டதா?

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுக் காதைக் குடத்தின் அருகே வைத்து மீட்டுங்கள். அப்போதும் ஜிர்ர் இருந்தால் குற்றம் மின்சாரத்தில் இல்லை. நாகபாசத்துப் பக்கம், சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கர் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் பிடித்துக்கொண்டு மீட்டிப் பாருங்கள்.

டிசம்பர் 15, இரவு

மந்தரத்தின் லங்கர்தானாம். வளையம் ஒன்று தளர்ந்திருந்தது. குறட்டால் ஓர் அழுத்து, நின்றுவிட்டது. வாங்கி வைத்த இரண்டு புதிய வட்டுகளை என்ன செய்வது என்று கேட்கிறார். ஒன்றைத் தம்பூராவில் ஒட்டிப் பாருங்கள். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருடம் பொட்டு வைக்க.